மஸ்கட்டுக்குக் கேட்காத செய்தி

1988 நவம்பர் 18, வெள்ளிக்கிழமை. பிற்பகல் நாலு பத்துக்கு, ஏற்காட்டிலிருந்து கரடியூர் போகும் சாலையில் உள்ள ஒரு காப்பி எஸ்டேட்டின் ஆபீசுக்கு மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. பேச்சு பதினோரு நிமிடம் நடந்தது.

அதை இன்னொரு போனில் காது வைத்து முழுக்கக் கேட்டவன் நான்.

அப்போது சேலத்தில் அச்சாகும் ஒரு நாளிதழுக்கு நான் ஏற்காடு நிருபர். பேய் நடமாட்டம் என்று எனக்கு எத்தனையோ தகவல் வந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் நேரில் போய் விசாரித்தேன். ஓட்டுக்கு மேல் மரநாய், உடைந்த ஜன்னல் கொக்கி, பங்காளிச் சண்டை... எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. இந்த ஒன்றுக்கு மட்டும் கிடைக்கவில்லை. எஸ்டேட்டின் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

இது ராத்திரியில் நடந்ததும் அல்ல. விளக்குப் போடும் நேரம்கூட ஆகவில்லை. ஆனால் நவம்பரில் இந்த மலையில் மூன்று மணிக்கே மூட்டம் இறங்கிவிடும். ஆபீஸ் வாசலில் நின்றால் பத்தடி தள்ளி இருக்கும் சில்வர் ஓக் மரம் தெரியாது. அதிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்கும்.

அமலி அந்த எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிப்பவர். கணவர் மரியதாஸ் கொத்தனார். மூன்று வருட ஒப்பந்தத்தில் மஸ்கட் போயிருந்தார். ஒரே மகன் மனுவேல். அப்பா விமானம் ஏறியபோது அவனுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அவன் பேசக் கற்றுக்கொண்டதே அந்த எஸ்டேட் போனில்தான் என்று சொல்லலாம். மரியதாஸ் வெள்ளிக்கிழமைகளில் கூப்பிடுவார். பையன் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்ன பேசுவது என்று தெரியாமல் முதலில் மூச்சு விடுவான். அப்புறம்தான் "அப்பா" என்பான். வெள்ளிக்கிழமை மாலையில் சேலத்துக்குச் செய்தி சொல்ல நானும் அந்தப் போனுக்குத்தான் போவேன். அதனால் இதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் கடைசியில் அவனுக்குச் சளியும் காய்ச்சலும் கண்டது. மூன்றாம் நாள் மூச்சு இழுத்தது. கீழே சேலத்துக்குக் கொண்டு போகப் பஸ் ஏறினார்கள். அடிவாரம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மரியதாசுக்குத் தெரியாது. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் காளியண்ணன் தந்தி கொடுக்கலாம் என்றார். அமலி ஒப்பவில்லை.

"அவருக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாதுங்க. யாரோ வேத்து ஆளு படிச்சுச் சொல்லுவான். அப்படி அவருக்குத் தெரிய வேண்டாம். என் வாயால நாஞ் சொல்லோணும்."

"செரி அம்மிணி. கூப்பிடறப்பச் சொல்லிக்கலாம்" என்றார் காளியண்ணன்.

இரண்டு வெள்ளிக்கிழமை அழைப்பு வரவில்லை. நவம்பர் 11ஆம் தேதி வெள்ளிக்கிழமை மரியதாஸ் கூப்பிட்டார். நான் என் முறைக்காக வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அமலி பேசியது கேட்டது.

"ஏனுங்க, கேக்குதுங்களா? நல்லா இருக்கறீங்களா?... ஆமாங்க, மழதான்... ஒண்ணு சொல்லோணுங்க. மனசத் தேத்திக்கோங்க. பையன்... நம்ம பையன் போயிட்டானுங்க."

அப்புறம் சத்தம் இல்லை. அமலி ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"ஹலோ ஹலோங்கறாரு. நாம் பேசறது கேக்கலையாம்."

மறுபடி "கேக்குதுங்களா" என்றார். கேட்டது. மறுபடி அதைச் சொன்னார். கேட்கவில்லை. மூன்றாவது முறை சொல்ல அவரால் முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கூப்பிடுவதாக மரியதாஸ் சொன்னார். அதற்குப் பிறகு அவரையும் கூட வேலை செய்பவர்களையும் பாலைவனத்துக்குள் ஏதோ வேலைக்கு அனுப்புகிறார்களாம். ஒப்பந்தம் முடியும்வரை அங்கேதான். போன் கிடையாது.

ஆக, ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மிச்சம்.

காளியண்ணன் லைன்மேன் பொன்னுவேலை வரச் சொன்னார். பொன்னுவேல் மலைக்காரர். சேர்வராயன் கோயில் பக்கத்து ஊர். வாய் ஓயாதவர்.

"போன் என்ன பண்ணுதுங்க?"

"அங்க பேசறது இங்க கேக்குது. இங்க பேசறது அங்க கேக்க மாட்டேங்குது. அதுவும் விட்டு விட்டு."

"நம்ம ஊட்டுக்காரி மாதிரின்னு சொல்லுங்க ரைட்டரே. அவளுக்கும் நாம சொல்றது மட்டுந்தான் காதுல விழாது."

காளியண்ணன் கண்ணைக் காட்டினார். வாசலில் அமலி நின்றுகொண்டிருந்தார். பொன்னுவேல் அதற்கப்புறம் வேலையை மட்டும் பார்த்தார்.

மலையில் இந்தக் கோளாறு புதிதல்ல. போனில் வாய் வைத்துப் பேசும் பக்கம் கரித்தூள் அடைத்த ஒரு பில்லை இருக்கும். பனிக்காலத்தில் ஈரம் பட்டுத் தூள் கட்டிக்கொள்ளும். அப்போது நம் பேச்சு போகாது. எஸ்டேட் ஆபீஸ்களில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்: மூடியைத் திருகி, பில்லையை எடுத்து, கணப்புச் சட்டியின் அனலில் காட்டி, உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டித் திரும்பப் போடுவது. பொன்னுவேல் அதைச் செய்தார். பிறகு புதுப் பில்லையே போட்டார். சுருள் வயரை மாற்றினார். மழையில் நனைந்துகொண்டே கம்பம் கம்பமாகப் போய் வயர் முடிச்சுகளைச் சுரண்டி முறுக்கினார். வியாழக்கிழமை நானும் போயிருந்தேன்; அவர் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு ஊதிக் காட்டினார், பாடிக் காட்டினார், திட்டிக்கூடக் காட்டினார். எல்லாம் தெளிவாகக் கேட்டது.

காளியண்ணனுக்குத் திருப்தி இல்லை.

"அந்தப் பொண்ணு சொன்னத அப்படியே சொல்லிப் பாரப்பா. அப்பத்தான வுட்டுப் போச்சு."

"அதையெல்லாம் வாயில சொல்லச் சொல்றீங்களே..." என்று பொன்னுவேல் தயங்கினார். பிறகு சொன்னார். "பையன் போயிட்டானுங்க."

எதிர்முனை ஆபரேட்டர் பதறியது ரிசீவருக்கு வெளியே எங்களுக்கும் கேட்டது. "ஐயையோ! எந்தப் பையனுங்க? யாரு ஊட்ல?"

அந்த வாக்கியமும் போகிறது. லைனில் ஒரு குறையும் இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கே அமலி வந்துவிட்டார். சர்ச்சுக்குக் கட்டும் வெள்ளைச் சேலை. தலையில் முக்காடு. பொன்னுவேலும் வந்திருந்தார். பேசும் நேரத்தில் கோளாறு வந்தால் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார். பக்கத்தில் மேனேஜர் அறையில் இன்னொரு போன் உண்டு. ஒரே லைன். இதில் பேசுவது அதிலும் கேட்கும்.

"சார், நீங்க அதப் புடிச்சுட்டு ஒக்காருங்க. சத்தம் எப்ப அறுபடுதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

உட்கார்ந்தேன். இரண்டு அறைக்கும் நடுவில் கதவு திறந்திருந்தது. அமலியின் பக்கவாட்டு முகம் எனக்குத் தெரிந்தது.

நாலு பத்து. மணி நீளமாக அடித்தது.

"மஸ்கட் கால். பேசுங்க" என்றார் ஆபரேட்டர்.

நான் ரிசீவரை எடுத்து, பேசும் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டேன்.

"அமலி?"

"ஏனுங்க... கேக்குதுங்களா?"

"நல்லாக் கேக்குது. பக்கத்து ஊட்ல இருந்து பேசற மாதிரி கேக்குது."

மரியதாசின் குரல் களைத்திருந்தது. மழை பற்றிக் கேட்டார். அமலியின் கைவலி பற்றிக் கேட்டார். மகனைப் பற்றிக் கேட்கவில்லை. எப்போதும் முதல் கேள்வி அதுதான்.

அமலி கண்ணை மூடிக்கொண்டார்.

"நம்ம மனு செத்துப் போயிட்டானுங்க. காய்ச்சல்ல. நாங் காப்பாத்தல."

நான் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். லைன் அறுந்தால் காதில் உள்ள இரைச்சலும் அறுந்துபோகும். அது அறுபடவில்லை. இரைச்சல் அப்படியே இருந்தது. மரியதாஸ் மூச்சு விடுவதும் கேட்டது.

"ஹலோ?" என்றார் மரியதாஸ். "ஹலோ, அமலி? ஒண்ணுமே கேக்கலையே."

பொன்னுவேல் ஓடி வந்து ரிசீவரை வாங்கி உள்ளங்கையில் தட்டினார். காளியண்ணன் அதைப் பிடுங்கினார்.

"மரியதாசு! ரைட்டர் பேசறேன். கேக்குதா?"

"கேக்குதுங்க, சொல்லுங்க."

"பையன் தவறிட்டான் சாமி. நொம்ப முயற்சி பண்ணினோம்."

"ஹலோ?... ரைட்டருங்களா?... ஹலோ?"

அதே இரைச்சல். அதே மூச்சு.

காளியண்ணன் என்னைப் பார்த்தார். ரிசீவரைக் காதிலிருந்து இறக்கினார். நான் என் ரிசீவரிலிருந்து கையை எடுத்தேன். என் வேலையில் கற்றுக்கொண்டபடி, நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன்.

"மரியதாஸ், உங்கள் மகன் மனுவேல் அக்டோபர் இருபத்தேழாம் தேதி இறந்துவிட்டான்."



அப்போதுதான் கவனித்தேன். லைனில் இரண்டு மூச்சு கேட்டது.

ஒன்று மரியதாசுடையது. தூரத்தில், கடலுக்கு அந்தப் பக்கம்.

இன்னொன்று கிட்டத்தில். மிகக் கிட்டத்தில். வேகமான, சின்ன மூச்சு. இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்கும் மூச்சு.

அமலியைப் பார்த்தேன். ரிசீவர் இப்போது காளியண்ணன் கையில், அவர் மார்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அருகில் யாரும் இல்லை.

பிறகு ஓர் இருமல்.

சளி கட்டிய இருமல்.

"மெல்ல, சாமி" என்றார் மரியதாஸ். "தண்ணி குடிச்சுட்டுப் பேசு."

அமலிக்கும் அது கேட்டுவிட்டது. தொங்கும் ரிசீவரிலிருந்தே கேட்டுவிட்டது. பாய்ந்து வந்து வாங்கினார்.

"யாருகிட்டப் பேசறீங்க?"

"மனுகிட்டத்தான்."

அமலி ரிசீவரைக் காதோடு அழுத்தினார்.

"அவந்தான போனப் புடிச்சுட்டு நிக்கறான்."

பொன்னுவேல் சுவரோடு ஒட்டிக்கொண்டார். நான் என் போனை வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். கை விடவில்லை.

மரியதாஸ் பேசினார். நிறுத்தினார். ஒரு பதில் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு நிறுத்தினார். மெல்லச் சிரித்தார். "அப்படியா?" என்றார். அந்த இடைவெளிகளில் எனக்கு மூச்சு மட்டும் கேட்டது. அவருக்கு வேறு ஏதோ கேட்டது.

அமலி நின்றுகொண்டே இருந்தார். ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்த அந்த வாக்கியம் அவர் உதட்டில் இருந்தது. நான் பார்த்தேன். உதடு அசைந்தது.

ஆனால் வந்தது வேறு.

"என்ன சொல்றான்?"

மரியதாஸ் சொன்னார்.

"ஒரு கால்ல ஷூ இல்லையாம். தேடறானாம்."

காளியண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மஸ்கட்டிலிருந்து வந்த சிவப்பு ஷூ அது. அடக்கத்தன்று ஒன்றுதான் அகப்பட்டது. மற்றதைக் காப்பிச் செடிகளுக்குள் அரை நாள் தேடியவர் அவர். ஒரு காலில் மட்டும் போட்டுத்தான் பெட்டியை மூடினார்கள். இதை யாரும் மஸ்கட்டுக்குச் சொல்லவில்லை.

அமலி அழவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"குளுருதான்னு கேளுங்க."

இடைவெளி.

"இல்லையாம்."

"பசிக்குதா?"

"இல்லையாம்."

"பயமா இருக்குதான்னு கேளுங்க."

நீண்ட இடைவெளி. மரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒன்று... இரண்டு...

"மொதல்ல இருந்துச்சாம்" என்றார் மரியதாஸ். அவர் குரல் உடைந்திருந்தது. "இப்ப இல்லையாம்."

"நான் இங்க இருக்கறது தெரியுதாமா?"

"தெரியுதாம். ஆனா நீ பேசறது கேக்கலையாம்."

அமலி தலையை ஆட்டினார். எதற்கு என்று தெரியவில்லை. ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"நேரமாச்சுன்னு சொல்லுங்க. தூங்கச் சொல்லுங்க."

"அமலி..."

"சொல்லுங்க. நாஞ் சொன்னாக் கேக்காதே. நீங்க சொல்லுங்க."

மரியதாஸ் சொன்னார். மிக மெதுவாக.

"தூங்கு சாமி. அம்மா சொல்றா பாரு. தூங்கு கண்ணு."

கிட்டத்து மூச்சு கொஞ்ச நேரம் இருந்தது. மெதுவானது. இடைவெளி விட்டு வந்தது.

பிறகு வரவில்லை.

"டைம் ஆச்சுங்க" என்றார் ஆபரேட்டர்.

நாலு இருபத்தொன்று.

அமலி ரிசீவரை வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு காளியண்ணனிடம் திரும்பினார்.

"இனி யாரும் அவருக்குச் சொல்ல வேண்டாமுங்க. கடுதாசியிலும் வேண்டாம். அவரு வரட்டும். அதுவரைக்கும் அவருக்காவது பையன் இருக்கட்டும்."

காளியண்ணன் சரி என்றார். அமலிக்காகக் கடிதம் எழுதுபவர் அவர்தான். சொன்னபடி நடந்துகொண்டார்.

பொன்னுவேல் மறுநாள் வந்து இரண்டு போனையும் கழற்றிப் பார்த்தார். எக்ஸ்சேஞ்சில் விசாரித்தார். அந்தப் பதினோரு நிமிடமும் லைன் சுத்தமாக இருந்ததாகச் சொன்னார்கள். வேறு யாரும் இடையில் வரவில்லை. அவர் எங்களிடம் வேடிக்கையாக எதையும் சொல்லவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

நான் இதைச் செய்தியாக எழுதவில்லை. எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். மரியதாசுக்கு நாங்கள் சொன்னது ஏதோ காரணத்தால் கேட்கவில்லை. மகன் எப்போதும்போல் இருப்பான் என்று நினைத்து ஏதோ பேசினார். இருமல் வேறு லைனில் யாரோ இருமியது. ஷூவுக்கு மட்டும் விளக்கம் இல்லை. அதை விட்டுவிட்டேன்.

1990 மார்ச் மாதம் சேலம் போய்த் திரும்பினேன். அடிவாரத்தில் பஸ் நின்றபோது நடத்துனரிடம் சில்லறை விஷயமாக இரண்டு வார்த்தை பேசினேன். முன் சீட்டில் இருந்தவர் சட்டென்று திரும்பினார். கறுத்து மெலிந்த முகம். மடியில் புதிய சூட்கேஸ்.

"சார்... எஸ்டேட் ஆபீசுல இருந்தவரு நீங்கதானுங்களே?"

எனக்கு அவரைத் தெரியவில்லை.

"நான் மரியதாசுங்க. அமலி ஊட்டுக்காரன். உங்களப் பாத்ததில்ல. குரல வெச்சுக் கண்டுபுடிச்சேன். போன்ல கேட்டிருக்கேனுங்க."

பஸ் முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது.

அவரோடு போனில் நான் பேசியது ஒரே ஒரு வாக்கியம்.

அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். 

"எல்லாம் கேட்டுச்சுங்க" என்றார். "மொத வெள்ளிக்கெழமையே கேட்டுச்சு. அமலி சொன்னது, ரைட்டர் சொன்னது, நீங்க தேதியோட சொன்னது. ஒரு எழுத்து வுடாமக் கேட்டுச்சு."

"பிறகு ஏன் கேட்கவில்லை என்றீர்கள்?"

"அமலி சொன்ன அந்த நிமிசமே அவனும் பேசினானுங்க."

"என்ன சொன்னான்?"

பஸ்ஸின் இரைச்சலில் அவர் என் காதருகே குனிய வேண்டியிருந்தது.

"'அப்பா, அம்மா சொல்றது உங்களுக்குக் கேக்குதுன்னு சொல்லாதீங்க. சொன்னா நான் போயிரோணும்'னான்."

  மேலே ஏற ஏறக் குளிர்ந்தது. அவர் ஜன்னலை மூடினார்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் அமலி நின்றிருந்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மரியதாஸ் இறங்கி சூட்கேசைக் கீழே வைத்தார். அமலி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மகன் இறந்துபோனதைச் சொன்னார். காய்ச்சல் கண்டது, பஸ் ஏறியது, அடிவாரம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்.

மரியதாஸ் அதை முதல்முறை கேட்பவரைப்போல் முழுவதும் கேட்டார். பிறகு இருவரும் எஸ்டேட் பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.